கொசுவுக்கு மட்டும் என்றால் எதுவரை? குப்பம் பட்டுமனையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது குப்பம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, மறுபக்கம் கோலார். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பிழைப்புக்குக் கன்னடம் என்று மூன்றையும் சரளமாகப் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி மல்பெரி, மல்பெரியை நம்பிப் பட்டுப்புழு. கூட்டை ராமநகரத்துக்கோ தருமபுரிக்கோ, விலை எங்கே ஏறியிருக்கிறதோ அங்கே கொண்டு போகிறார்கள். தண்ணீர் தினமும் வராத ஊர் என்பதால் வாசலுக்கு வாசல் நீல டிரம்கள் நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு முட்டையிட அதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் ஊருக்குள் காய்ச்சல் பரவியது. சிலருக்கு டெங்கு என்று உறுதியானதும் ஒரு மாலை தெருத்தெருவாகப் புகை மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். யார் அனுப்பினார்கள், முன்னறிவிப்பு கொடுத்தார்களா என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தெருக்கோடியில் இருந்த வளர்ப்பு மனையில் புழுக்கள் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தின் நடுவில் இருந்தன. ஜன்னலில் கட்டியிருந்த வலை, பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈயைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. மறுநாள் காலையில் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டின, வாயில் நீர் கக்கின, உடல் குறுகிச் சுருண்டன. அடுக்கில் இருந்ததையெல்லாம் அள்ளிக் குழியில் கொட்ட வேண்டியதாயிற்று.

பட்டு வளர்ப்பவர்களுக்கு இதன் கனம் உடனே புரியும். ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் எண்பது சதவீதத்துக்கும் மேல் ஐந்தாம் பருவத்தின் அந்த ஏழெட்டு நாளில்தான் தின்கிறது. முட்டைக்கும், உரத்துக்கும், இலை வெட்டும் கூலிக்கும் கொடுத்தாகிவிட்டது. வரவு மட்டுமே பாக்கி என்ற கட்டத்தில் போனது அது.

அந்த மனையை நடத்தும் அம்மையாரின் மகள் எங்கள் கல்லூரியில் முதுகலை விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்று: "கொசுவை மட்டும் கொல்கிற மருந்து ஒன்றும் கிடையாதா சார்?" மகள் அதையே தன் ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொண்டார். அந்தத் திட்டம் எந்த வழியில் போயிற்று, எங்கே முட்டிக்கொண்டது என்பதே இந்த ஆய்வு.

பொது இலக்கு என்னும் சிக்கல்

புழுக்கள் ஏன் செத்தன என்பதில் மர்மம் இல்லை. புகையாக அடிக்கப்படும் மருந்துகளில் மாலத்தியான் உண்டு, சைஃபினோத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் உண்டு. பைரித்ராய்டு நரம்பணுவின் சோடியம் வாயில்களைத் திறந்த நிலையிலேயே நிறுத்திவிடும். மாலத்தியான் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்கும். இவ்விரண்டும் கொசுவுக்கும் உண்டு, பட்டுப்புழுவுக்கும் உண்டு, மாம்பூவில் உட்காரும் தேனீக்கும் உண்டு. பூச்சி இனத்துக்கே பொதுவான கதவை உடைக்கிற மருந்து வீடு பார்த்து நுழையுமா?

அதனால் மாணவியின் கேள்வி சரியான இடத்திலிருந்தே தொடங்கியது: கொசுவிடம் இருந்து, பட்டுப்புழுவிடம் இல்லாத ஏதாவது ஒன்று மரபணு மட்டத்தில் உண்டா? புரதங்களில் தேடுவதைவிட மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் தேடலாம் என்று அவர் எண்ணினார். காரணமும் சொன்னார். ஒரு பூச்சியின் புரத மரபணுக்கள் பதினைந்தாயிரம் அளவில் இருக்கும், மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களோ நூறு, இருநூறு. ஒரு கல்விப் பருவத்துக்குள் முழுவதையும் கையால் தடவிப் பார்த்துவிடலாம். மாணவர் திட்டத்துக்கு இதைவிட நேர்மையான காரணம் வேண்டியதில்லை என்று ஒப்புதல் கொடுத்தேன்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 எழுத்து, அதாவது 22 வேதி அலகு நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டு. அது எந்தப் புரதத்துக்கும் குறிப்பு அல்ல. புரதம் செய்யக் கிளம்பிய தூது ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து அடக்குவதே அதன் வேலை. 1993இல் விக்டர் அம்புரோஸின் ஆய்வகம் ஒரு மில்லிமீட்டர் நூற்புழுவில் லின்-4 என்ற முதல் துண்டைக் கண்டது. அது லின்-14 மரபணுவை எப்படி அடக்குகிறது என்பதை கேரி ரவ்குன் குழு அதே ஆண்டு காட்டியது. புழுவுக்கு உரிய விசித்திரம் என்று உலகம் அதை ஒதுக்கிவைத்தது. 2000இல் ரவ்குன் குழு லெட்-7 என்ற இரண்டாவது துண்டைக் கண்டபோதுதான் கதை மாறிற்று. அதே துண்டு ஈயிலும் மீனிலும் மனிதரிலும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. இருவருக்கும் நோபல் பரிசு வந்தது 2024இல்.

இந்தத் துண்டு உருவாகும் வழி நம் ஆய்வுக்குத் தேவைப்படும். உட்கருவில் படியெடுக்கப்படும் நீண்ட ஆர்.என்.ஏ. தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி வடிவம் கொள்கிறது. ட்ரோஷா என்னும் நொதி அதை 70 எழுத்தளவுக்கு நறுக்குகிறது. வெளியே வந்ததும் டைசர்-1 கொண்டையை வெட்டிவிட, இரண்டு கைகளும் ஒட்டிய ஒரு சின்ன இரட்டை இழை மிஞ்சுகிறது. அதில் ஒரு கை மட்டும் பெரும்பாலும் ஆர்கோநாட்-1 என்ற புரதத்துக்குள் போய் அமரும், மற்றது சிதைந்துவிடும். அமர்ந்த கையின் 2 முதல் 8 வரையிலான ஏழு எழுத்துகளை விதைப்பகுதி என்கிறார்கள். எந்தத் தூது ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பது என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அந்த ஏழுதான். ஒரே துண்டு நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் பிடித்துவைத்திருக்கலாம். ஆகவே விதைப்பகுதியில் ஓர் எழுத்து மாறினால் அத்தனை பிடிகளும் ஒரே நேரத்தில் நழுவும். கோடிக்கணக்கான ஆண்டுகள் கடந்தும் இவை மாறாமல் நிற்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

பழ ஈயை வைத்துக் கழித்தபோது

மாணவி முதலில் செய்தது எளிய கழித்தல். ஏடிஸ் ஈஜிப்டியின் மைக்ரோ ஆர்.என்.ஏ. பட்டியலை எடுத்தார். அக்கொசுவின் மரபணுத் தொகுதி 2007இல் வெளிவந்தது. துண்டுகளை நேரடியாக வரிசைப்படுத்திய விரிவான பட்டியலை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகக் குழு 2009இல் தந்தது. மறுபக்கம் டுரோசோஃபிலா என்னும் பழ ஈயின் பட்டியல். இரண்டும் ஈரிறகிப் பூச்சிகள், இரண்டின் பட்டியலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கான மிர்பேஸ் தரவுத்தளத்தில் கிடைக்கின்றன. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது கொசுவுக்கே உரியது. ஏறக்குறைய எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் பூச்சி மரபியலில் பழ ஈயைப்போல நன்றாகப் படிக்கப்பட்ட உயிர் வேறில்லை.

மிஞ்சியவற்றில் அவர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தது மிர்-71 என்ற துண்டு. பழ ஈயில் அது கிடையாது. கொசுவில் உண்டு, மிர்-2 குடும்பத்து உறுப்பினர்களோடு ஒரே கொத்தாக இருக்கிறது. கூடவே ஆசையைத் தூண்டும் செய்தி ஒன்றும் கிடைத்திருந்தது. கியூலெக்ஸ் கொசுவில் மிர்-2, மிர்-13, மிர்-71 அடங்கிய இந்தக் கொத்துக்கும் டெல்டாமெத்ரின் மருந்தைத் தாங்கும் ஆற்றலுக்கும் தொடர்பு இருப்பதாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது. மருந்தைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி-450 நொதிகளை இந்தக் கொத்து அடக்குகிறது. எதிர்ப்பு பெற்ற கொசுக்களில் கொத்தின் அளவு குறைந்திருக்கிறது. கொசுவுக்கே உரியது, மருந்தெதிர்ப்போடும் சம்பந்தம் உள்ளது. திட்ட அறிக்கையின் தலைப்பே தயாராகிவிட்டது.

பட்டுப்புழுவின் பட்டியலைப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். மிர்-71 அங்கே உட்கார்ந்திருந்தது. தேனீயில் உண்டு. மாவு வண்டில் உண்டு. வெட்டுக்கிளியில் உண்டு, அங்கே மிர்-263உடன் சேர்ந்து, பூச்சியின் தோலுக்கு உறுதி தரும் கைட்டின் உருவாவதையும் சிதைவதையும் கட்டுப்படுத்தித் தோலுரிப்பை நடத்துகிறது என்பது 2016இல் வெளியான செய்தி. பூச்சிகளைத் தாண்டி, அம்புரோஸின் நூற்புழுவிலும் அது உண்டு. கொசு புதிதாகப் பெற்ற சொத்து அல்ல அது. பழ ஈயின் முன்னோர் தொலைத்துவிட்ட பாட்டன் சொத்து.

இதில் மாணவியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பழ ஈயும் கொசுவும் பிரிந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் பழ ஈயின் பரம்பரை மிக வேகமாக மாறிய ஒன்று. பழைய மரபணுக்கள் பலவற்றைக் கைவிட்டது. ஒரே வரிசை என்பதால் அது கொசுவுக்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் எது புதிது, எது தொலைந்தது என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. வெளியிலிருந்து மூன்றாவது சாட்சி வேண்டும். குப்பத்தைப் பொறுத்தவரை அந்த மூன்றாவது சாட்சி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. கொல்லப்படக் கூடாத பூச்சி எதுவோ அதுவே ஒப்பீட்டில் முதலில் வர வேண்டும். பெரிய ஆய்வகங்களின் பட்டியல்களில் பழ ஈ முதலில் நிற்பது அவர்களுடைய வசதி.

ஏழு எழுத்தும் இருபத்திரண்டு எழுத்தும்

இரண்டாம் சுற்றில் அவர் பட்டுப்புழு, தேனீ, மாவு வண்டு மூன்றையும் சேர்த்தார். நான் இன்னொன்றும் சேர்க்கச் சொன்னேன்: நெசோலிங்ஸ் தைமஸ். பெயர் புதிதாக இருந்தாலும் பட்டு வளர்ப்பவர்களுக்கு ஆள் பழக்கம். ஊசி ஈயின் கூட்டுப்புழுவில் முட்டையிட்டு அதை அழிக்கும் சின்னக் குளவி. வளர்ப்பு மனைகளில் வேண்டுமென்றே விடுவார்கள். அதற்குத் தனியாக நம்பத்தக்க பட்டியல் கையில் இல்லாததால் அதன் வரிசைக்குத் தேனீயையே பிரதிநிதியாக வைத்துக்கொண்டோம். அது அரைகுறை ஏற்பாடு, வேறு வழியும் இல்லை.

பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக உயிரில் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. யாரும் ஆழமாகத் தேடாததாலும் பெயர் விடுபட்டிருக்கலாம். ஆகவே மரபணுத் தொகுதியிலேயே நேரடியாகத் தேட வேண்டும். இங்கே ஒரு சின்னக் கணக்கு கைகொடுக்கும். பட்டுப்புழுவின் மரபணுத் தொகுதி சுமார் 45 கோடி எழுத்து. ஏழு எழுத்து விதைப்பகுதிக்கு 16,384 சேர்க்கைகள் உண்டு. தற்செயலாகவே ஒரு குறிப்பிட்ட ஏழு எழுத்து, ஓர் இழையில் மட்டும் 27 ஆயிரம் இடங்களில் கிடைத்துவிடும். எனவே விதைப்பகுதி கிடைத்தது என்பது ஒரு செய்தியே இல்லை. 22 எழுத்தும் முழுதாகப் பொருந்துவது வேறு கதை. தற்செயலாக அது நடக்க லட்சத்தில் சில பங்குதான் வாய்ப்பு. இரண்டுக்கும் நடுவே, அதாவது மூன்று நான்கு எழுத்து மாறிய நிலையில் கிடைப்பவைதாம் தலைவலி. அங்கே அக்கம்பக்கத்தை மடித்துப் பார்க்க வேண்டும்: கொண்டை ஊசி வருகிறதா, இரண்டு கைகளும் ட்ரோஷாவும் டைசரும் வெட்டுகிற விதத்தில் இரண்டெழுத்து துருத்திக்கொண்டு நிற்கின்றனவா, கொத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதே ஆட்களா? மிர்ஜீன்டிபி என்ற தரவுத்தளம் இத்தகைய அளவுகோல்களை வைத்தே உறுப்பினர்களைச் சேர்க்கிறது. அதனால் அதன் பட்டியல் சிறியது, நம்பகம் அதிகம். மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

இந்தச் சுற்றில் விழுந்தவை பல. லெட்-7 எதிர்பார்த்ததே: மிர்-100, லெட்-7, மிர்-125 மூன்றும் கொசுவிலும் ஈயிலும் ஒரே கொத்தாக இருக்கின்றன. இவற்றில் மிர்-100 கடல் அனிமோன்களிலும் கூட இருக்கிறது. கொசுவின் லெட்-7ஐ முடக்கும் மருந்து ஒன்றைத் தொட்டியில் கரைப்பதாக வைத்துக்கொள்வோம். அதே எழுத்துகளுள்ள லெட்-7 தான் பட்டுப்புழுவின் தோலுரிப்பையும் உருமாற்றத்தையும் நடத்துகிறது. அதை முடக்கிய பட்டுப்புழுக்கள் பருவம் மாறும் கட்டத்திலேயே வளர்ச்சி நின்றுபோவதை 2014இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மிர்-8 இன்னொன்று. ஏடிஸ் பெண் கொசுவின் கொழுப்புத் திசுவில் இனப்பெருக்கத்துக்கு அது தேவை என்பது 2015இல் தெரிந்தது. ஆனால் அது மனிதரின் மிர்-200 குடும்பத்தோடு உறவுள்ளது.

மிர்-10 வேறு விதமாகத் தண்ணி காட்டியது. பெயர் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது, அதனால் பொதுச்சொத்து என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் பழ ஈயில் கொண்டை ஊசியின் ஒரு கை வேலை செய்கிறது, மாவு வண்டில் எதிர்க்கை. கை மாறினால் விதைப்பகுதி மாறும், பிடிபடும் மரபணுக்களும் அடியோடு மாறும். 2011இல் மான்செஸ்டர் குழு இதை விளக்கி எழுதியது. ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கலாம் என்பதால் ஒப்பீட்டு அட்டவணையில் பெயருக்குப் பதிலாக, வேலை செய்யும் கையின் எழுத்துகளையே போட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மிர்-275: ஒரே துண்டு, இரண்டு பிழைப்பு

இந்தத் திட்டத்தில் என்னை மிகவும் கட்டிப்போட்டது மிர்-275. ஏடிஸ் கொசுவைப் பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத துண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் அலெக்சாண்டர் ரைகல் குழு 2010இல் இதை முடக்கிப் பார்த்தது. பெண் கொசு இரத்தம் குடிக்கும், செரிக்காது. அதிகப்படி நீரை வெளியேற்றாது. முட்டை வளராது. டெங்கு பரப்பும் பூச்சியின் பிழைப்பே இரத்தம் குடித்து முட்டையிடுவதில் இருக்கும்போது, அதன் கழுத்தைப் பிடித்தது போன்ற கண்டுபிடிப்பு அது. 2017இல் அதே குழு, கால்சியத்தை உள்ளிழுக்கும் செர்கா என்ற புரதத்தின் மரபணுவே இதன் முக்கிய இலக்கு என்று சொன்னது.

இரத்தம் குடிப்பது கொசுவின் தனித்தொழில், ஆகவே அதை நடத்தும் துண்டும் கொசுவின் தனிச்சொத்தாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அப்படியில்லை. மிர்-275 பூச்சி வரிசைகள் எல்லாவற்றிலும் பரவிக் கிடக்கிறது. பட்டுப்புழு வாழ்நாளில் ஒரு சொட்டு இரத்தம் குடித்ததில்லை, அதனிடமும் இருக்கிறது. அங்கே அது என்ன செய்கிறது? செல்வளர்ப்புச் சோதனையில் செரிசின்-2 மரபணுவின் வெளிப்பாட்டைக் குறைத்தது என்று 2018இல் ஒரு கட்டுரை வந்தது. செரிசின் என்பது பட்டிழைகளை ஒட்டிவைக்கும் பசை. கூட்டை வெந்நீரில் போட்டுக் கரைக்கிறார்களே, அது. கொசுவில் இரத்தச் செரிமானம், பட்டுப்புழுவில் பட்டுப் பசை. மாணவியின் தாயாரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் அதைத் தொடாதீர்கள் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. துண்டு ஒன்றே என்றாலும் அது பிடிக்கும் மரபணுக்கள் உயிருக்கு உயிர் வேறுபடும். தூது ஆர்.என்.ஏ.க்களின் வால்பகுதி விரைவாக மாறக்கூடியது. அங்கே ஏழெழுத்து புதிதாகத் தோன்றுவதும் அழிவதும் எளிது. ஆகவே எழுத்து மாறவில்லை என்பதை வைத்து வேலையும் மாறவில்லை என்று முடிவுகட்ட இயலாது. ஆனால் பூச்சிமருந்துக் கண்ணால் பார்த்தால் இந்த வேறுபாடு பட்டுப்புழுவைக் காப்பாற்றாது. முடக்கி மருந்து பிடிப்பது இலக்கு மரபணுவை அல்ல, துண்டையே. துண்டு ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் மருந்து பொருந்தும். கொசுவில் செரிமானம் கெடும், பட்டுப்புழுவில் எது கெடுமோ அது கெடும். வேலை மாறியிருப்பதால் நிலைமை இன்னும் மோசம் என்றே சொல்லலாம்: என்ன கெடும் என்று கொசுவைப் பார்த்து ஊகிக்கக்கூட முடியாது.

மிஞ்சியது

இந்தச் சலிப்பெல்லாம் முடிந்தபோது அட்டவணையில் சில பெயர்களே நின்றன. அவற்றில் உறுதியானது மிர்-1174. மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் காம்பியே கொசுவில் இதை 2007இல் கண்டார்கள். குடலில் மட்டும் வெளிப்படும் துண்டு. மலேரியா ஒட்டுண்ணி குடலுக்குள் புகும்போது இதன் அளவு குறைவதையும் அந்த ஆய்வே சொன்னது. பிறகு ஏடிசிலும் கியூலெக்சிலும் கிடைத்தது. அனாஃபிலஸ் கிளையும் ஏடிஸ் கிளையும் பிரிந்து பதினைந்து கோடி ஆண்டுகள் போலாகின்றன. அத்தனை காலமும் கொசுக் குடும்பத்துக்குள்ளேயே கட்டிக்காக்கப்பட்ட துண்டு. ரைகல் குழு 2014இல் இதை ஏடிசில் முடக்கியபோது சர்க்கரையை உறிஞ்சுவதும் இரத்தம் ஏற்பதும் கெட்டு, முட்டையும் ஆயுளும் குறைந்தன. பட்டுப்புழுவிலும் தேனீயிலும் மாவு வண்டிலும் மாணவி தேடியதில் கொண்டை ஊசியாக மடியும் ஒப்புமை எதுவும் அகப்படவில்லை.

மிர்-2940 இரண்டாவது. இதன் கதை வேறு திசையில் போகிறது. உல்பாக்கியா என்னும் பாக்டீரியா ஏடிசுக்குள் குடியேறும்போது இந்தத் துண்டின் அளவை ஏற்றிவிட்டுத் தனக்கு வசதி செய்துகொள்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். அந்த உல்பாக்கியா உள்ள கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் (வி.சி.ஆர்.சி.) உல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசு வம்சங்கள் இரண்டை 2022இல் அறிவித்தது. தாயிடமிருந்து முட்டை வழியே போகும் பாக்டீரியா என்பதால் பட்டுமனைக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஆக, மிர்-1174 கிடைத்துவிட்டது, மருந்து செய்ய வேண்டியதுதானே? அங்கேதான் வண்டி நின்றது. ரிவர்சைடு ஆய்வுகளில் முடக்கி மருந்தை ஒவ்வொரு கொசுவின் மார்பிலும் கண்ணாடி ஊசியால் செலுத்தினார்கள். வேதி மாற்றம் செய்யப்பட்ட அந்த ஆர்.என்.ஏ. விலையும் அதிகம். நீல டிரம்மில் நெளியும் புழுக்களுக்கு யார் ஊசி போடுவது? இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கைட்டோசான் துகள்களில் பொதிந்து அனாஃபிலஸ் புழுக்களுக்கு உணவோடு ஊட்டலாம் என்று 2010இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது டைசர்-2, ஆர்கோநாட்-2 வழியாகத் தூது ஆர்.என்.ஏ.க்களை வெட்டும் வேறு முறை. புரத மரபணுக்களை அடக்க ஏற்றது. 22 எழுத்துத் துண்டை முடக்க அதை அப்படியே எடுத்துவைக்க இயலாது.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும், அது எங்கள் ஒப்பீட்டின் எடையைச் சற்றுக் குறைத்தாலும். பட்டுப்புழுவின் குடலில் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி வலுவாக இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி வரிசையில் வாய்வழி இரட்டை இழை ஆர்.என்.ஏ. சரியாக வேலை செய்வதில்லை என்பது பல ஆய்வகங்கள் அலுத்துக்கொண்ட விஷயம். வண்டுகளில் நன்றாகப் பலிக்கும். ஆகவே எழுத்து ஒத்துப்போவதால் மட்டும் புழு செத்துவிடும் என்பதில்லை. எழுத்து ஒப்பீடு எங்கே ஆபத்து நேரக்கூடும் என்று சொல்லும். நேருமா என்பதை மல்பெரி இலையில் தடவிப் புழுவுக்குக் கொடுத்தே பார்க்க வேண்டும்.

"கொசுவுக்கு மட்டும்" என்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. டாக்சோரிங்கைட்டிஸ் என்ற பெரிய கொசு நம் பக்கத்துக் காடுகளில் இருக்கிறது. அது இரத்தமே குடிக்காது. அதன் புழு மற்றக் கொசுப்புழுக்களைத் தின்னும். குடும்பத்தையே குறிவைக்கும் மருந்து இந்த நண்பனையும் விட்டுவைக்காமல் போகலாம்.

ஊரில் நடந்தது

அம்மையாருக்கு வேண்டியது கட்டுரை அல்ல. அடுத்த மழைக்குள் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. கையில் ஏற்கெனவே இருந்த பதில் இஸ்ரேலென்சிஸ் வகை பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். 1976இல் நெகேவ் பாலைவனத்துக் குட்டையில் கிடைத்த பாக்டீரியா. அதன் நச்சுப் படிகங்களை விழுங்கும் கொசுப்புழுவின் குடல் ஓட்டையாகும். புதுச்சேரி மையம் வி.சி.ஆர்.சி. பி-17 என்ற தன் சொந்த வகையையும் உருவாக்கியிருக்கிறது. பெயரைக் கேட்டதும் பட்டுத் துறையில் அனுபவமுள்ளவர்கள் பதறுவார்கள், பதற நியாயமும் உண்டு: இந்த பாக்டீரியா இனம் முதன்முதலில் அகப்பட்டதே பட்டுப்புழுவைக் கொல்லும் கிருமியாகத்தான். 1901இல் ஜப்பானில் இஷிவாத்தா அதைச் செத்த பட்டுப்புழுவிலிருந்து எடுத்தார். கத்தரி, முட்டைக்கோசுக்கு அடிக்கும் குர்ஸ்டாகி வகை இன்றும் பட்டுப்புழுவுக்கு எமன். இஸ்ரேலென்சிஸ் வகையின் படிகங்கள் வேறு; ஈரிறகிகளின் குடலில்தான் அவை பெரிதும் பிடிக்கின்றன. வாங்கும்போது உறையில் வகைப்பெயரைப் படித்துவிட்டு வாங்க வேண்டும் என்பதை மாணவி தமிழிலும் தெலுங்கிலும் தாளில் எழுதி மனைக்கு மனை கொடுத்தார். டிரம்முக்கு மூடி, மூடாத தொட்டிகளுக்கு இந்த மருந்து. புகை அடிப்பதாக இருந்தால் முதல் நாளே தகவல் சொல்வதாகவும், மல்பெரித் தோட்டத்துப் பக்கம் காற்று வீசும் வேளையில் அடிப்பதில்லை என்றும் பேசி முடித்தார்கள். புகைக்குப் பிறகு அந்த ஓரத்து இலையைச் சில நாள் வெட்டாமல் விடுவது என்று வளர்ப்பவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. அட்டவணை அத்தோடு முடியவில்லை. அறிக்கையைப் படித்துக் காட்டியபோது அம்மையார் கொசுவை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார்: "ஊசி ஈக்கு இப்படி ஏதாவது பார்க்க முடியுமா சார்?" பட்டு வளர்ப்பவர்களின் கணக்கில் கொசு சில்லறைப் பகைதான். ஊசி ஈ புழுவின் தோலில் முட்டையிட்டு, உள்ளே புகுந்து தின்று, கறுப்புத் தழும்பு வைத்துவிட்டுப் போகும். வங்காளத்திலிருந்து 1980இல் கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்த அந்த எக்சோரிஸ்டா பாம்பிசிஸ் இன்றுவரை போகவில்லை.

கேள்வி கணக்கைப் புரட்டிப்போட்டது. ஊசி ஈ ஈரிறகிதான், ஆனால் கொசுவைவிடப் பழ ஈக்கு மிக நெருங்கிய சொந்தம். கொசுவை ஆராய்ந்தபோது வழி தவறச் செய்த பழ ஈ, இங்கே சரியான வழிகாட்டி. பழ ஈயில் இருந்து பட்டுப்புழுவில் இல்லாத துண்டுகளை முதலில் பொறுக்க வேண்டும். குளவியின் பக்கத்தில் ஒத்திருப்பவற்றை நெசோலிங்சுக்காகத் தள்ள வேண்டும். எஞ்சியவை ஊசி ஈயில் உண்மையிலேயே வெளிப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசி வேலைக்கு உயிருள்ள ஈக்கள் தேவை. அவற்றைப் பிடித்துத் தருவதில் தனக்குச் சிரமமே இல்லை என்று அம்மையார் சொல்லியிருக்கிறார்.